தீர்வையும் லைசென்சும்

பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொன்ன ஆளை நம் எல்லோருக்கும் தெரியும். கேட்டதை விட்டுவிட்டு வேறு எதையோ பேசுகிறவரைக் கேலி செய்ய அந்தப் பழமொழியைச் சொல்வோம். ஆனால் தஞ்சாவூர்க் கடற்கரையில் பிறந்தவனுக்கு அந்த ஆள்மேல் கோபம் வராது. நம் பக்கத்தில் கொட்டைப்பாக்கு விலை என்பது ஊர்ப் பேச்சு. மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலில் மூட்டை மூட்டையாக வந்து நாகப்பட்டினத்தில் இறங்கிய சரக்கு அது. கப்பல் எப்போது வரும், தீர்வை எவ்வளவு, தீர்வை கட்டிய பிறகு என்ன விலைக்குக் கட்டுப்படியாகும் என்ற கணக்கில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது.

நான் 36 ஆண்டுகள் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன். முதலில் நாகப்பட்டினத்திலும் பிறகு சென்னையிலும் வேலை. கிளியரிங் ஏஜெண்ட் என்றால் என்ன என்று என் பேரன் கேட்டபோது, "சரக்குக்காரருக்கும் சுங்க அதிகாரிக்கும் நடுவே நின்று காகிதம் எழுதுகிறவன்" என்று சொன்னேன். அந்தக் காகிதங்களுக்கு நடுவே எனக்கு ஒன்று விளங்கியது. தீர்வை வேறு, லைசென்ஸ் வேறு. தீர்வை எவ்வளவு கனமாக இருந்தாலும் வியாபாரி அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு பிழைத்துவிடுவான். "நீ இந்தச் சரக்கைக் கொண்டுவரலாம், நீ கொண்டுவரக் கூடாது" என்று ஆளைப் பார்த்துச் சொல்லும் லைசென்ஸ் வந்தால் அவன் ஒன்று கடையை மூடுவான், இல்லை பின்வாசல் வழியாக வருவான். நம் நாகூரின் கதையைப் பார்த்தால் இது பலமுறை நடந்திருக்கிறது.

சுங்கத்துக்குத் தமிழில் பழைய பெயர் உல்கு. வள்ளுவர் அரசனின் வருவாய்களைச் சொல்லும்போது உல்கையும் சேர்த்தே சொல்கிறார். நமக்கு வடக்கே ஒரு நாள் நடையில் இருக்கும் காவிரிப்பூம்பட்டினத்தின் சுங்கத்துறையை உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காட்டுகிறார். உள்ளே வரும் சரக்கும் வெளியே போகும் சரக்கும் குவிந்து கிடக்க, அதிகாரிகள் அவற்றின்மேல் சோழனின் புலி முத்திரையைப் பதித்து அனுப்புவார்களாம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், சோதனை முடிந்த பெட்டியின்மேல் சுங்க அதிகாரி சாக்பீஸால் ஒரு குறி போடுவார். அந்தக் குறி விழுந்தால்தான் போர்ட்டர் பெட்டியைத் தூக்குவார். புலி போய் சாக்பீஸ் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு குலோத்துங்கன் வருகிறான். 1070-இல் பட்டத்துக்கு வந்த முதலாம் குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். ஓர் அரசன் தான் வாங்காமல் விட்ட வரியால் பெயர் பெறுவது உலகத்தில் அதிகம் இல்லை. அவன் காலத்தில் நாகப்பட்டினம் பெரிய துறைமுகம். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் கட்டத் தொடங்கிய சூடாமணி விகாரம் அங்கே இருந்தது. அந்தப் பள்ளிக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்கு வேண்டும் என்று கடாரத்து அரசனின் தூதர்கள் கேட்க, 1090-இல் குலோத்துங்கன் அதைக் கொடுத்தான். சிறிய லெய்டன் செப்பேடு என்று இன்று அழைக்கப்படும் சாசனம் அதுதான். கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. கெடாவோடும் பினாங்கோடும் நமக்குள்ள பழக்கம் சபராளிகளின் காலத்துக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது.

சுங்கமே வேண்டாம் என்பது எல்லா அரசனாலும் முடியாது. முடிந்தவரை நியாயமாக வாங்கலாம். அதற்கு நல்ல உதாரணம் நமக்கு வடக்கே ஆந்திரக் கடற்கரையில் இருக்கிறது. மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244-ஐ ஒட்டி ஒரு கல்வெட்டு வைத்தான். முன்பிருந்த அரசர்கள், புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய கப்பலின் சரக்கையெல்லாம் பறித்துக்கொண்டார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன், முப்பதில் ஒரு பங்கு மட்டுமே வாங்குவேன் என்று அவன் அபயம் கொடுத்தான். எவ்வளவு வாங்குவேன் என்பதைக் கல்லில் வெட்டிப் பொதுவில் வைத்ததுதான் அதில் விசேஷம். கடல் கடந்து வருகிறவன் கரைக்கு வருமுன்பே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த காலத்தில் கதை தலைகீழாகிறது. போர்த்துகீசியர் கடலுக்கே சொந்தம் கொண்டாடினார்கள். அவர்களிடம் 'கர்தாஸ்' என்னும் அனுமதிச் சீட்டு வாங்காத கப்பலைப் பிடித்துக்கொள்வார்கள். 1658-இல் நாகப்பட்டினம் டச்சுக்காரர் கைக்குப் போனது. அவர்களும் 'பாஸ்' கொடுத்தார்கள். இன்ன துறைமுகத்துக்குப் போகலாம், இன்ன துறைமுகத்துக்குப் போகக் கூடாது, இந்தச் சரக்கை எடுக்கலாம், அந்தச் சரக்கைத் தொடாதே என்று பாஸில் கட்டுப்பாடு இருக்கும். நம் காலத்து இம்போர்ட் லைசென்சுக்கு இவைதான் பாட்டன்மார்.

அப்போது நம் வியாபாரிகள் என்ன செய்தார்கள்? நாகூருக்கு வந்தார்கள். நாகப்பட்டினம் டச்சுக்காரரிடம் இருந்தபோது, நான்கு மைல் வடக்கே இருந்த நாகூர் தஞ்சை மராட்டிய அரசரின் துறைமுகம். அரசருக்குரிய சுங்கத்தைக் கட்டிவிட்டால் அச்சே, கெடா, மலாக்கா என்று விருப்பப்படி கப்பல் விடலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் நாகூர் மரைக்காயர்களும் மாலுமிகளும் கப்பல் வணிகத்தில் மேலே வந்ததற்கு இது முக்கியமான காரணம். சோழமண்டலக் கடற்கரை வணிகத்தைப் பற்றி விரிவாக ஆராய்ந்த வரலாற்றாசிரியர் எஸ். அரசரத்தினம் நாகூரின் இந்த எழுச்சியை எடுத்துக்காட்டுகிறார். நம் தர்காவின் பெரிய மினாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்தது பக்தியால்தான். ஆனால் இந்த ஊர் அரசருக்கு எவ்வளவு முக்கியமான துறைமுகம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த 131 அடி உயரத்துக்கு இன்னும் ஓர் அர்த்தம் கிடைக்கும்.

நாகூரைக் கையில் வைத்துக்கொள்ள அவ்வளவு போட்டி இருந்தது. 1773-இல் மன்னர் துளஜா பணமுடையில் அதை டச்சுக்காரருக்கு விற்றார். ஆர்க்காட்டு நவாப் கம்பெனிப் படையின் துணையோடு அதைப் பிடுங்கிக்கொண்டார். சில ஆண்டுகளில் அது கம்பெனிக்கே போய்ச் சேர்ந்தது. 1781-இல் நாகப்பட்டினமும் ஆங்கிலேயர் வசமானது. இன்னொரு பக்கம் தரங்கம்பாடியில் 1620 முதல் டேனிஷ்காரர், காரைக்காலில் 1739 முதல் பிரெஞ்சுக்காரர். ஒரு மாட்டுவண்டி ஒரு நாளில் கடக்கும் தூரத்துக்குள் வெவ்வேறு கொடிகள், வெவ்வேறு சுங்கங்கள். ஒரு துறையில் நெருக்கினால் அடுத்த துறைக்குப் போகலாம் என்ற வசதி வியாபாரிக்கு இருந்தது. 1845-இல் டேனிஷ்காரர் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன பிறகு அந்தத் துறைமுகம் மெல்ல மெல்ல ஓய்ந்தது.

அதே காலத்தில் உள்நாட்டிலும் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. அதுவரை கடலில் கட்டிய தீர்வை போதாது. சரக்கு நாகூரிலிருந்து கும்பகோணம் போக வேண்டுமானால் வழியில் சுங்கச்சாவடிகள் உண்டு. சாயர் என்று அதற்குப் பெயர். அதைக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். குத்தகைக்காரர் தன் பணத்தை எடுக்க வேண்டுமே, வண்டியை நிறுத்தி வைத்துப் பேரம் பேசுவார். 1844-இல் ஆறாம் சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்தில் இந்த உள்நாட்டுச் சுங்கம் ஒழிந்தது. குலோத்துங்கன் செய்ததை எழுநூற்றைம்பது ஆண்டு கழித்துக் கம்பெனி செய்தது. யாரும் கம்பெனிக்குப் பட்டம் கொடுக்கவில்லை.

அதன் பிறகு சுமார் நூறு ஆண்டுக் காலம், கடல் சுங்கம் என்றால் சதவீதம் என்றுதான் அர்த்தம். பொதுவான இறக்குமதித் தீர்வை 1860-இல் 10 சதவீதம், 1864-இல் ஏழரை, 1875-இல் 5. 1882-இல் உப்பு, மது போன்ற சிலவற்றைத் தவிர எல்லாவற்றுக்கும் எடுத்தேவிட்டார்கள். 1894-இல் கஜானா காலியானபோது மறுபடி 5 சதவீதம் போட்டார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு 11, 15 என்று ஏறி, 1931-இல் 25-ஐத் தொட்டது. இந்தத் தீர்வைகள் இங்கிலாந்து மில்லுக்குச் சாதகமாக வகுக்கப்பட்டவை என்பதும், நம் கைத்தறி அதில் நசுங்கியது என்பதும் உண்மை. அந்த ஆட்சியை நான் மெச்சவில்லை. ஆனால் துறைமுகத்து வியாபாரிக்கு ஒன்று தெளிவாக இருந்தது. தீர்வை கட்டுகிற எவனும் சரக்கு இறக்கலாம். ஆயிரம் ரூபாய் சரக்குக்காரனும் லட்ச ரூபாய் சரக்குக்காரனும் ஒரே ஜன்னலில் நின்றார்கள்.

அந்தக் காலம்தான் நாகப்பட்டினத்தின் பொற்காலம். 1861-இல் தஞ்சாவூருக்கு ரயில் வந்தது. பர்மா, இலங்கை, மலாயா, சிங்கப்பூர் என்று கப்பல்கள் போயின. இங்கிருந்து அரிசி, ஜவுளி, ஆடு மாடு, புகையிலை, சுருட்டு. அங்கிருந்து கொட்டைப்பாக்கு, மரம், இன்னும் பல. கப்பல் கரைக்கு வராது, ஆற்றுமுகம் ஆழமில்லை. கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்க, சலங்கு என்னும் படகுகளில் சரக்கும் ஆளும் போய் வரும். எதிர்க்கரையில் பினாங்கும் சிங்கப்பூரும் தீர்வையே இல்லாத சுதந்திரத் துறைமுகங்கள். நம்மவர்கள் இரண்டு கரையின் கணக்கையும் விரல் நுனியில் வைத்திருந்தார்கள். சிங்கப்பூரின் தெலோக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையே கட்டிய நாகூர் தர்கா இன்றும் நிற்கிறது. தொழில் இல்லாத இடத்தில் யாரும் அப்படி ஒரு நினைவுச் சின்னம் எழுப்புவதில்லை.

லைசென்ஸ் எப்போது வந்தது? பலரும் சுதந்திரத்துக்குப் பிறகு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது போர்க்காலத்துப் பிள்ளை. 1940 மே மாதம், இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் 68 வகைச் சரக்குகளை அனுமதியின்றி இறக்குமதி செய்யக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. கப்பலில் இடமில்லை, அந்நியச் செலாவணியைப் போருக்குச் சேமிக்க வேண்டும் என்பது காரணம். போர் முடிந்தது, உத்தரவு முடியவில்லை. 1947-இல் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டமாக அது உருவெடுத்தது. தற்காலிகம் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். 1992 வரை நீடித்தது.

இதில் 'எஸ்டாப்ளிஷ்டு இம்போர்ட்டர்' என்று ஒரு வகுப்பு உண்டு. குறிப்பிட்ட சில ஆண்டுகளில் ஏற்கெனவே இறக்குமதி செய்தவருக்கு, அவர் செய்த அளவைப் பொறுத்துக் கோட்டா. பழைய பில்லைக் காட்டுகிறவருக்கு லைசென்ஸ், புதிதாக வருகிறவருக்கு ஒன்றுமில்லை. கோட்டா இருந்த சிலர் சரக்கைத் தொடாமலே லைசென்சை மேல்விலைக்கு விற்றுச் சம்பாதித்தார்கள். அரசுக் கஜானாவுக்குப் போக வேண்டிய பணம் காகிதம் வைத்திருந்தவருக்குப் போயிற்று. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆன் க்ரூகர் 1974-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்தியாவையும் துருக்கியையும்தான் உதாரணமாக எடுத்தார். இப்படி அனுமதிகளால் விளையும் ஆதாயம் 1964-இல் இந்தியாவின் தேசிய வருமானத்தில் 7 சதவீதத்துக்கும் மேல் என்று அவர் கணக்கிட்டார். அதில் பெரும்பங்கு இம்போர்ட் லைசென்ஸ்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். 1957-இல் நாட்டின் அந்நியச் செலாவணி கரைந்து நெருக்கடி வந்தது. அணை கட்ட இயந்திரமா, கடைத்தெருவுக்குப் பீங்கான் கோப்பையா என்றால் யாரும் இயந்திரத்தைத்தான் சொல்வார்கள். கொட்டைப்பாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பாக்கு குறைந்ததும் கர்நாடகத்திலும் கேரளத்திலும் பாக்குத் தோட்டம் பெருகியது. 1973-இல் மங்களூரில் காம்ப்கோ கூட்டுறவு சங்கம் வந்து விவசாயிக்கு விலை கிடைத்தது. நாகப்பட்டினத்து வியாபாரி இழந்தது மங்களூர் விவசாயிக்குக் கிடைத்தது என்றால் அதை அநியாயம் என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. ஆனால் பாக்கைக் காக்கத் தீர்வையை உயர்த்தினாலே போதும். ஆளுக்கு ஆள் காகிதம் கொடுக்கும் முறைதான் கோளாறு.

இந்த வித்தியாசத்தை நாகூர் தன் வாசலிலேயே பார்த்தது. வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் வாஞ்சூர், பிரெஞ்சுக்காரரின் காரைக்கால் எல்லை. 1941-இல் பிரெஞ்சிந்தியாவும் பிரிட்டிஷ் இந்தியாவும் சுங்க ஒப்பந்தம் செய்துகொண்டு, இரண்டு பக்கமும் ஒரே தீர்வை என்று வைத்துக்கொண்டன. எல்லைச் சோதனைக்கு வேலையில்லாமல் போனது. சுதந்திரத்துக்குப் பிறகு பிரெஞ்சுப் பகுதிகள் இணைவது இழுபறியானபோது, இந்தியா அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. 1949 ஏப்ரல் முதல் வாஞ்சூரிலும் மற்ற எல்லைகளிலும் மறுபடி சுங்கக் காவல். இந்தப் பக்கம் லைசென்ஸ், அந்தப் பக்கம் பிரெஞ்சுக் கப்பல் கொண்டுவரும் கைக்கடிகாரம், பேனா, தங்கம். என்ன நடந்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. என் வாப்பா சொல்வார்: காரைக்காலில் கல்யாணத்துக்குப் போய் வந்தவரின் டிபன் கேரியரைக்கூடத் திறந்து பார்ப்பார்களாம். அத்தாள் வீட்டுக்கும் அக்காள் வீட்டுக்கும் நடுவே தேச எல்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. சுங்கக் காவலும் போனது.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1973-இல். ரஜூலா கப்பலின் கடைசிக் காலமும் எம்.வி. சிதம்பரத்தின் ஆரம்பமும் ஒன்றாக இருந்த வருஷம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று போய் வந்த கப்பல்கள். அந்தக் கப்பல் வந்த நாள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சபராளி இறங்கும்போது டிரங்குப் பெட்டியில் கோடாலித் தைலம், மலேசியக் கைலி, நைலக்ஸ் புடவை, டார்ச் லைட், சீக்கோ வாட்ச், நேஷனல் டேப் ரெக்கார்டர் எல்லாம் இருக்கும். இது வியாபாரச் சரக்கு இல்லை, 'பேக்கேஜ்'. பயணி தன் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவருவது. இவ்வளவு மதிப்புவரை தீர்வை இல்லை, அதற்கு மேல் உண்டு என்று விதி. லைசென்ஸ் தேவையில்லை.

இந்த ஒரு விதிதான் நம் கடைத்தெருவையே மாற்றியது. வியாபாரி கடைக்காக நூறு டார்ச் லைட் வரவழைக்க வழியில்லை. பயணி ஆளுக்கு இரண்டாகக் கொண்டுவரலாம். அப்படியென்றால் ஐம்பது பயணிகள் வேண்டும். 'குருவி' என்ற தொழில் இப்படித்தான் பிறந்தது. பெட்டியோடு பறந்து வந்து பெட்டியைக் கொடுத்துவிட்டு மறுபடி பறக்கிறவர். சென்னை பர்மா பஜாருக்குச் சரக்கு போனதும் இந்த மாதிரி வழிகளில்தான். குருவிகளில் ஏழைகள்தான் அதிகம். பெட்டி பிடிபட்டால் நஷ்டம் அவர்களுக்கு, தப்பினால் லாபம் வேறொருவருக்கு.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஆபீசுக்கு ஒரு பெரியவர் வந்தார். பெயர் வேண்டாம். ஈப்போவில் இருபது வருஷம் கடையில் நின்று சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பியவர். பீங்கான் கோப்பை, தட்டு வரவழைத்து நாகூரில் முறையாகக் கடை போட ஆசை. நான் பாலிசிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "நானா, இது நுகர்வோர் பொருள், இதற்கு லைசென்ஸ் தரமாட்டார்கள்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "தம்பி, தீர்வை எவ்வளவு கேட்டாலும் கட்டுறேன். எந்த ஜன்னல்ல கட்டணும், அதை மட்டும் சொல்லுங்க."

அப்படி ஒரு ஜன்னல் இல்லை என்பதுதான் அன்றைய சட்டம். மூன்று மாதம் கழித்து அவருக்குத் தெரிந்தவர்கள் வேறு வழி சொன்னார்கள். அவர் அதற்கு இசையவில்லை. பணத்தை நிலத்தில் போட்டார். அவரைப் போல நேர்மையாகக் கட்ட வந்து திரும்பிப் போனவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை. பிடிபட்டவர் கணக்கு அரசிடம் உண்டு. திரும்பிப் போனவர் கணக்கு என்னைப் போன்ற குமாஸ்தாக்களின் நினைவில்தான் உண்டு.

1985 பிப்ரவரியில் எம்.வி. சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்தக் கப்பல் பயணமே முடிந்தது. சபராளிகள் விமானத்துக்கு மாறினார்கள், நாகப்பட்டினத்தில் சுங்க வேலை வற்றியது, என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தபோதுதான் காலம் மாறியதைப் பார்த்தேன். 1990-இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் ரத்தானது. 1991-க்கு முன் உச்சத் தீர்வை 300 சதவீதத்துக்கும் மேல். அந்த ஜூலை பட்ஜெட்டில் மன்மோகன் சிங் அதை 150 ஆக்கினார். படிப்படியாகக் குறைந்து 2007-இல் விவசாயம் அல்லாத பொருள்களுக்கு உச்சம் 10 சதவீதமானது.

ஆனால் சின்ன வியாபாரிக்கு முக்கியமான தேதி 1991 அல்ல, 2001 ஏப்ரல் 1. இயந்திரத்துக்கும் மூலப்பொருளுக்கும் முதலிலேயே கதவு திறந்துவிட்டார்கள். நுகர்வோர் பொருளுக்குப் பத்தாண்டு கழித்துத்தான் திறந்தார்கள். அதுவும் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு வென்ற பிறகு. மீதமிருந்த 715 பொருள்களின் கட்டுப்பாடு அன்று நீங்கியது. பீங்கான் கோப்பைக்கு ஜன்னல் திறந்தபோது ஈப்போ பெரியவர் உயிரோடு இல்லை.

இப்போது எப்படி? கடை வைத்திருக்கும் இளைஞர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இறக்குமதி செய்ய ஐ.இ.சி. எண் வேண்டும். இப்போது உங்கள் பான் எண்ணே அந்த எண். சரக்கின் விலை, கப்பல் கட்டணம், இன்சூரன்ஸ் மூன்றையும் கூட்டியதுதான் தீர்வைக்கான மதிப்பு. அது ஒரு லட்சம், அடிப்படைத் தீர்வை 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தீர்வை 20,000. அதன்மேல் சமூகநல சர்சார்ஜ் பத்தில் ஒன்று, 2,000. மொத்தம் 1,22,000 ஆயிற்றே, இதன்மேல் 18 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. என்றால் 21,960. ஆகக் கட்ட வேண்டியது 43,960 ரூபாய். இதில் ஐ.ஜி.எஸ்.டி. 21,960-ஐப் பதிவுபெற்ற வியாபாரி பிறகு தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். மற்ற 22,000 தான் உண்மையான சுமை. இந்தக் கணக்கை மாலில் பணம் போடும் முன்பே போட வேண்டும். சரக்கின் எட்டு இலக்கக் குறியீடு எது என்பதையும் முன்பே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். குறியீடு மாறினால் தீர்வை மாறும். தவறு என்று சொல்லிச் சரக்கைப் பிடித்தால், நாள்வாடகை சரக்கின் விலையையே தின்றுவிடும்.

லைசென்ஸ் முழுதாகப் போய்விட்டதா என்றால் இல்லை, வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. தர்கா வாசல் கடைகளில் விற்கும் பொம்மைகளைப் பாருங்கள். 2020-இல் தீர்வை 20-லிருந்து 60 சதவீதம் ஆயிற்று, 2023-இல் 70. அது தீர்வை, கணக்குப் போடலாம். கூடவே தரச்சான்று கட்டாயம் என்று வந்தது. வெளிநாட்டுத் தொழிற்சாலையே அந்தச் சான்று வாங்கியிருக்க வேண்டும். குழந்தைகளின் பாதுகாப்புக்கு அது நல்லதுதான். ஆனால் ஐந்து பெட்டி பொம்மை வாங்குகிற சின்னக் கடைக்காரருக்கு அது நடைமுறையில் தடை. நம் பழைய கொட்டைப்பாக்கோ இன்னும் வேடிக்கை. நூறு சதவீதத் தீர்வை போதாதென்று, 2023 பிப்ரவரியில் கிலோ 351 ரூபாய்க்குக் குறைவான பாக்கை இறக்குமதி செய்யவே கூடாது என்று உத்தரவு. வேறு பெயர் எழுதிய கன்டெய்னர்களில் பாக்கு பிடிபடும் செய்தி அவ்வப்போது பேப்பரில் வருகிறது. கதவை மூடினால் ஜன்னலைத் தேடுவது பழைய பழக்கம்.

வாஞ்சூரில் 2009 முதல் தனியார் துறைமுகம் இயங்குகிறது. நம் கடற்கரையில் நின்றால் கப்பல் தெரியும். நிலக்கரி வருகிறது. சுங்க அதிகாரி அங்கே இருக்கிறார், ஆனால் சாக்பீஸ் குறி இல்லை. எல்லாம் கம்ப்யூட்டரில், தீர்வை கட்டினதும் 'அவுட் ஆஃப் சார்ஜ்' என்று ஒரு வரி வரும், சரக்கு வெளியே போகும். நாகூர்க்காரர் யாரும் அந்தக் கப்பலில் சரக்கு வரவழைப்பதாகத் தெரியவில்லை. நம் பிள்ளைகள் சரக்கைச் சென்னையிலும் தூத்துக்குடியிலும் இறக்குகிறார்கள். முறையாகக் கட்டி, ரசீதோடு இறக்குகிறார்கள். அவர்களுடைய தாத்தாக்களுக்குக் கிடைக்காத வசதி அது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால், அதன் மூடிக்குள் ஒட்டியிருக்கும் காகிதங்களைப் பாருங்கள். பேக்கேஜ் ரசீது, கப்பல் டிக்கெட், நிராகரிக்கப்பட்ட லைசென்ஸ் விண்ணப்பம் எதுவானாலும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சோழன் செப்பேட்டில் எழுதினான், காகதீயன் கல்லில் வெட்டினான். நம் ஊர் வியாபாரியின் கதை அந்த மக்கிய காகிதங்களில்தான் இருக்கிறது.